ஏறாத பயணிகளின் கணக்கு

கோவைக்கும் மதுரைக்குமான மெட்ரோ ரயில் திட்ட அறிக்கைகளை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியபோது, சர்ச்சை பெரும்பாலும் 20 லட்சம் என்ற எண்ணைச் சுற்றியே நடந்தது. 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கையைக் காட்டி, 2011 கணக்கெடுப்பின்படி அவ்வளவு மக்கள்தொகை இவ்விரு நகரங்களுக்கும் இல்லை என்றது ஒரு தரப்பு. ஆக்ராவுக்கும் பாட்னாவுக்கும் மட்டும் எப்படிக் கொடுத்தீர்கள் என்றது மறுதரப்பு. கேள்வி நியாயமானதுதான், பதினான்கு ஆண்டுப் பழைய தலைக்கணக்கை வைத்து ஒரு நகரத்தின் வருங்காலத்தை முடிவுசெய்வது அபத்தம் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் மெட்ரோ வந்தாலும் வராவிட்டாலும் கோவையிலும் மதுரையிலும் பெருவாரியான மக்களைச் சுமக்கப்போவது டவுன் பஸ்தான். ஓர் ஊருக்கு எத்தனை டவுன் பஸ் வேண்டும், எந்த நேரத்தில் வேண்டும், அதற்கான பணம் யாருடையது என்ற கேள்விகளை அந்தச் சர்ச்சையில் யாரும் எழுப்பவில்லை. மெட்ரோவுக்காவது 20 லட்சம் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. டவுன் பஸ்ஸுக்கு அப்படிக் கட்டுப்படுத்தும் தவறான அளவுகோல்கூடக் கிடையாது.

ஒரு கிராமத்துக்குப் பஸ் வரும் வழி எல்லோரும் அறிந்ததே. கிராம சபையில் தீர்மானம் போடுவார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பார்கள். எம்.எல்.ஏ. மனம் வைத்தால் ஒரு நாள் வாழைமரம் கட்டி, கொடியசைத்துப் பஸ்ஸை அனுப்பிவைப்பார். அதற்குப் பிறகு அந்த டிரிப்பின் ஆயுளைத் தீர்மானிப்பது பணிமனையின் கணக்கு: கிலோமீட்டருக்கு எவ்வளவு கலெக்‌ஷன். கலெக்‌ஷன் குறைந்த டிரிப், ஓட்டுநர் விடுப்பில் இருக்கும் நாளில் முதலில் ரத்தாகும். வண்டி பழுதானால் அந்தத் தடத்து வண்டியைத்தான் எடுத்து வேறு தடத்துக்கு விடுவார்கள். வாரத்தில் இரண்டு நாள் வராத பஸ்ஸை நம்பி யாரும் வேலைக்குப் போக முடியாது. கடன் வாங்கியாவது ஒரு மொபெட் வாங்கிவிடுவார்கள். கலெக்‌ஷன் மேலும் குறையும். கடைசியில் ‘அந்த ஊரில் பஸ் ஏற ஆளில்லை’ என்று கோப்பில் எழுதிவிட்டு டிரிப்பை நிறுத்திவிடலாம். எழுதுபவர் பொய் சொல்லவில்லை. கலெக்‌ஷன் ஏன் குறைந்தது என்று அவரிடம் மேலதிகாரி மாதாமாதம் கேட்கிறார். அந்த ஊர்ப் பெண் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று அவரிடம் கேட்பவர் எவருமில்லை.

கலெக்‌ஷன் என்பது ஏறியவர்களின் கணக்கு. காலை ஒன்பதரைக்கு வரும் பஸ்ஸில், எட்டரைக்குள் பள்ளிக்குப் போயாக வேண்டிய மாணவி ஏறமாட்டாள். ஏழு மணிக்கே கடைசி பஸ் போய்விட்டால், எட்டு மணிக்கு வேலை முடியும் ஜவுளிக்கடைப் பெண் அந்த வேலைக்கே விண்ணப்பிக்கமாட்டாள். இவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஏறியவர்களிலும் எல்லோரும் கலெக்‌ஷனில் தெரிவதில்லை. இலவசப் பயண அட்டையோடு வரும் மாணவர்கள் நிரம்பி வழியும் காலை டிரிப், டிக்கெட் வசூலில் மெலிந்த டிரிப்பாகவே தெரியும். ஆக, மிக அவசியமான டிரிப்புகளே மிக மோசமான டிரிப்புகளாகத் தோன்றும்படி இந்தக் கணக்கு அமைந்திருக்கிறது.

இதற்கு ஊகம் தேவையில்லை. கண்ணெதிரே ஒரு பெரிய சான்று இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே 8 அன்று தொடங்கியது. அதற்கென முதலில் சொல்லப்பட்ட தொகை ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய். 2023-24 நிதிநிலை அறிக்கையில் அது 2,800 கோடி. 2025-26-இல் 3,600 கோடி. இத்தனைக்கும், கட்டணம் கடைசியாகத் திருத்தப்பட்டது 2018 ஜனவரியில். டிக்கெட் விலை ஏறாமலே தொகை மூன்று மடங்கானது என்றால், பெருமளவு கூடியது பயணங்களின் எண்ணிக்கை என்றுதான் பொருள். முதலாண்டு கொரோனாவால் முடங்கிய ஆண்டு, 2024-இல் மலைப்பகுதிகளுக்கும் திட்டம் விரிந்தது என்பவற்றைக் கழித்துப் பார்த்தாலும் வளர்ச்சி பெரிதுதான். பயணிகளில் பெண்களின் பங்கு சுமார் 40 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கு மேல் போனது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. இந்தப் பெண்கள் 2021 மே மாதத்தில் திடீரென்று பிறந்துவிடவில்லை. ஏப்ரலிலும் அதே ஊர்களில்தான் இருந்தார்கள். அவர்களுடைய தேவையும் இருந்தது. கலெக்‌ஷன் கணக்கில் மட்டும் அது பூஜ்யமாக இருந்தது. திட்டத்தை வகுத்த அரசின் கணிப்பையே மூன்று மடங்கு தாண்டிச் சென்ற தேவை அது.

ஆனால் இதே திட்டம் இன்னொரு குறையையும் காட்டிக்கொடுக்கிறது. கட்டணமில்லா டிக்கெட்டுக்கான பணம் பஸ் ஓடும் இடத்துக்குத்தான் போகும். பத்து நிமிடத்துக்கு ஒரு சாதாரண பஸ் ஓடும் பகுதியில் இருப்பவருக்கு இந்த 3,600 கோடியில் நல்ல பங்கு கிடைக்கும். ஒரு நாளைக்கு இரண்டே டிரிப் வரும் ஊர்ப் பெண்ணுக்கு அதில் ஒரு துளிதான். பஸ்ஸே வராத ஊருக்கு ஒன்றுமில்லை. அந்த ஊர்ப் பெண் ஷேர் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கட்டணத்தை நீக்கியது பாராட்டத்தக்க முதல் அடி. ஆனால் எங்கே பஸ் வேண்டும் என்ற கணக்கைப் போடாமல் டிக்கெட்டுக்கு மட்டும் மானியம் தந்தால், ஏற்கெனவே வசதி இருக்கும் இடத்துக்கே அரசுப் பணமும் போய்ச் சேரும்.

தேவையை வேறு எப்படி அளப்பது? இதற்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், நடுநிலை வகுப்புகள் மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்ட விதிகள் சொல்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. அங்கே எத்தனை நோயாளிகள் வந்தார்கள், எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று பார்த்து யாரும் நிலையத்தை மூடுவதில்லை. மக்கள் இருக்கிறார்களா, எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. ஆனால் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மேல்நிலைப் பள்ளிக்கும், தாலுகா மருத்துவமனைக்கும், வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் கொண்டுசேர்க்கும் பஸ்ஸுக்கு மட்டும் இப்படியொரு விதி இல்லை. பள்ளியைக் கட்டித் தருவது உரிமை, அங்கே போய்ச் சேர்வது அவரவர் சாமர்த்தியம் என்று இதற்குப் பொருள்.

மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் வகுத்த சேவைத்தர அளவீட்டில் ஓர் எண் உண்டு: 1,000 பேருக்கு 0.6 பேருந்து இருந்தால் முதல் தரம். ஒரு கோடிப் பேர் வாழும் சென்னைப் பெருநகருக்கு அதன்படி ஆறாயிரம் வேண்டும். மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பவை மூவாயிரத்துச் சொச்சம். பற்றாக்குறையை உறைக்கச் சொல்ல இந்த எண் உதவும். ஆனால் ஆறாயிரம் பஸ்ஸும் அண்ணா சாலையில் வரிசைகட்டி நின்றாலும் இந்த அளவுகோல் முதல் தரம் என்றே சொல்லும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கேள்வியும் அரைகுறைதான்: 2011-இல் வேலைக்குப் போகும் தூரத்தையும் வாகனத்தையும் கேட்டார்கள், அதுவும் விவசாயம், வீட்டுத்தொழில் அல்லாத தொழிலாளர்களிடம் மட்டும். சந்தைக்குப் போகும் பயணம், பிள்ளையை அழைத்துவரும் பயணம், மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும் முதியவரின் பயணம் எதுவும் அதில் இல்லை. நம் ஊர் டவுன் பஸ்ஸில் பகல் பதினொரு மணிக்கு உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

நமக்கு வேண்டியது ஊர்வாரியான எளிய பட்டியல். இந்தக் குடியிருப்பிலிருந்து காலை எட்டரைக்குள் மேல்நிலைப் பள்ளிக்குப் போக முடியுமா? புறநோயாளிச் சீட்டு கொடுத்து முடிப்பதற்குள் அரசு மருத்துவமனைக்கு வர முடியுமா? மாலை வேலை முடிந்து திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது? லண்டனில் ஒவ்வோர் இடத்தையும் நிறுத்தத்துக்கு நடக்கும் நேரம், வண்டிகளின் இடைவெளி ஆகியவற்றை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் ஆண்டு முழுவதும் 100 பேராவது வசிக்கும் குடியிருப்பு என்றால் அதற்கான வட்டாரப் போக்குவரத்துக்குக் கூட்டாட்சி அரசு நிதிப் பங்கு தரலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பணக்காரர்கள், நமக்கு ஒத்துவராது என்று சொல்வதுண்டு. நூறு என்பதை நாம் ஐந்நூறாகவோ ஆயிரமாகவோ வைத்துக்கொள்ளலாம். முதலில் தேவையை எழுதிவைத்துவிட்டுப் பிறகு பணத்தைப் பற்றிப் பேசும் அந்த வரிசையைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். டிக்கெட் கருவிகள் தரும் விவரம் போக்குவரத்துக் கழகங்களிடம் உண்டு. பள்ளி, மருத்துவமனை விவரங்கள் அந்தந்தத் துறைகளிடம் உண்டு. மூன்றையும் ஒரே மேசையில் வைக்கும் வேலைதான் பாக்கி.

இனி பணம். தமிழ்நாட்டுப் போக்குவரத்துக் கழகங்கள் என்றாலே ‘நஷ்டம்’ என்ற சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. 1972-இல் பல்லவன், பாண்டியன், சேரன் என்று கழகங்கள் உருவானபோது இருந்த யோசனை தெளிவானது: லாபம் தரும் நெடுந்தூரத் தடங்களின் வருவாயில் கிராமத்துத் தடங்களை ஓட்டுவது. அந்தக் காலத்துக்கு அது நல்ல யோசனை. இன்று நெடுந்தூரப் பயணிகளை ஆம்னி பஸ்களும் ரயிலும் பங்குபோட்டுக்கொள்கின்றன. தாங்கிப்பிடித்த தூண் போய்விட்டது. 2018-இல் 70 ரூபாய்க்குக் கீழ் இருந்த டீசல் 90 ரூபாயைத் தாண்டியும் கட்டணம் அசையவில்லை. கட்டணத்தை உயர்த்தாதது அரசின் முடிவு, டிரிப்பை ஓட்டச் சொல்வதும் அரசின் முடிவு, ஆனால் பற்றாக்குறைக்கு மட்டும் பெயர் கழகத்தின் நஷ்டம். அந்த நஷ்டத்தை உண்மையில் சுமந்தவர்கள் யார் என்றால், ஓய்வுபெற்ற பிறகும் பணப்பலன்களுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஊழியர்களும், ஆயுள் முடிந்த வண்டியில் மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் நின்ற பயணிகளும்தான்.

இதற்கு மாற்று வழியை அரசே ஏற்கெனவே ஓரிடத்தில் கையாள்கிறது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து சென்னையின் புதிய தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்த நிறுவனத்துடையவை. நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தவர். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குப் பணம் போய்விடும். பஸ் நிரம்பியதா, காலியாக ஓடியதா என்பது நிறுவனத்தின் கவலை அல்ல. தனியாரை முதலீடு செய்ய வைக்க இப்படியோர் ஏற்பாடு வேண்டியிருக்கிறது என்றால் புரிந்துகொள்ளலாம். ஆனால் தனியாருக்குக் கிடைக்கும் அந்த நிச்சயம் அரசின் சொந்தக் கழகத்துக்கு ஏன் கிடையாது? விழுப்புரம் கழகமோ கும்பகோணம் கழகமோ ஒரு மலையடிவாரக் கிராமத்துக்கு நாளைக்கு ஆறு டிரிப் ஓட்ட வேண்டும் என்றால், அதற்கு ஆகும் தொகையை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒப்பந்தமாக எழுதிக் கொடுத்துவிடலாம். ஓடாத டிரிப்புக்குப் பணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். அப்போது நஷ்டம் என்ற பேச்சே மாறிவிடும். அரசு ஒரு சேவையை விலை கொடுத்து வாங்குகிறது, கழகம் விற்கிறது, அவ்வளவுதான். டிரிப்பை ரத்துசெய்தால் டீசல் மிச்சம் என்றிருக்கும் கிளை மேலாளருக்கு, ரத்துசெய்தால் வருமானம் போய்விடும் என்ற நிலை வரும்.

எவ்வளவு ஆகும்? ஒரு பஸ் நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடுகிறது, கிலோமீட்டருக்கு 70 ரூபாய் செலவு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 51 லட்சம். ஆயிரம் பஸ் கூடுதலாக ஓட்ட 511 கோடி. டிக்கெட் வரவைக் கழித்தால் இன்னும் குறையும். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி, அதாவது கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். மெட்ரோ ஒருமுறை போடும் முதல், பஸ் ஆண்டுதோறும் ஆகும் செலவு. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துவது முழு நியாயமல்ல என்பது தெரியும். மெட்ரோ வேண்டாம் என்பதும் என் வாதமல்ல. ஆனால் ஒருமுறை செலவுக்குக் கடன் தரப் பன்னாட்டு வங்கிகளும் பிற நாட்டு நிதி நிறுவனங்களும் முன்வருவதுபோல், ஆண்டுச் செலவுக்கு எளிதில் யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் நம்மிடம் திறப்பு விழாக்கள் அதிகம், டிரிப்புகள் குறைவு. 393 கோடி ரூபாயில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பரில் திறந்துவிட்டோம். அங்கிருந்து வீட்டுக்குப் போவது எப்படி என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் பெரிதாக எழுந்தது.

ஆண்டுச் செலவுக்கு ஆண்டு வருமானம்தான் வேண்டும். புதிய வாகனங்களுக்கான வாழ்நாள் வரியை மாநில அரசு 2023 நவம்பரில் உயர்த்தியது. 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம். அந்த வரியில் ஒரு நிலையான பங்கைப் பேருந்துச் சேவைக்கென்று சட்டத்திலேயே ஒதுக்கிவைப்பது முதல் வழி. இரண்டாவது வழியை இங்கே யாரும் பேசுவதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் பக்கம் ஷிப்டு மாறும் நேரத்தில் போய்ப் பார்த்தால், தொழிற்சாலைகள் அமர்த்திய தனிப் பேருந்துகள் சாரிசாரியாகப் போவதைக் காணலாம். வழியிலுள்ள கிராமங்களில் அவை நிற்காது. ஷிப்டுகளுக்கு இடையே சும்மா நிற்கும். முதலாளிகள் போக்குவரத்துக்கு ஏற்கெனவே பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது பொதுமக்களுக்குப் பயன்படாத பணமாக இருக்கிறது. பிரான்சில் எழுபதுகளின் தொடக்கத்திலிருந்தே நிறுவனங்கள் தங்கள் ஊதியத் தொகையில் ஒரு பங்கைப் போக்குவரத்துக்கென்று செலுத்துகின்றன; சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. சிப்காட் வளாகங்கள் இருக்கும் மாவட்டங்களிலாவது இதை முயன்று பார்க்கலாம். தொழில் வேறு மாநிலத்துக்கு ஓடிவிடும் என்ற பயம் எழும். தனி வண்டிக்கு இன்று கொடுக்கும் வாடகையோடு ஒப்பிட்டு வரியை நிர்ணயித்தால், அந்தப் பயத்தில் பாதி போய்விடும்.

கலெக்‌ஷன் என்ற கடிவாளம் இல்லாவிட்டால் காலி பஸ்கள் ஊர் ஊராகச் சுற்றும் என்பது கனமான ஆட்சேபம். உண்மையிலேயே யாருக்கும் பயன்படாத டிரிப்புகள் உண்டு. அரசியல்வாதியின் சொந்த ஊருக்குப் போகும் பஸ் என்பதும் நாம் கேள்விப்படாததல்ல. ஆனால் இவையெல்லாம் கலெக்‌ஷன் கணக்கு ஆட்சி செய்யும் இன்றைய முறையில்தானே நடக்கின்றன? டிரிப்பில் ஏறியவர்கள் எத்தனை பேர் என்பதை, டிக்கெட், கட்டணமில்லா டிக்கெட், மாணவர் அட்டை மூன்றையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். குறைந்தபட்சச் சேவை என்று வகுத்ததற்கு மேலே ஓடும் டிரிப்புகளை அந்த எண்ணிக்கையை வைத்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். குறைந்தபட்சத்தை மட்டும் தொடக்கூடாது. ஊர்வாரிப் பட்டியலை வெளியிட்டுவிட்டால், எந்த ஊருக்குச் செல்வாக்கால் பஸ் போனது என்பதும் அம்பலமாகும்.

வீட்டுக்கு வீடு டூவீலர் வந்துவிட்டது, இனி எதற்கு டவுன் பஸ் என்று கேட்பவர்களும் உண்டு. வீட்டில் ஒரு வண்டி இருந்தால் சாவி யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். கட்டணமில்லாப் பயணத்துக்குக் கிடைத்த வரவேற்பே இந்தக் கேள்விக்குப் பதில்.

மினி பஸ் இருக்கிறதே என்ற வாதம் இதைவிடக் கவனத்துக்குரியது. 1997-இல் தொடங்கிய மினி பஸ் திட்டத்தில், பஸ் வசதி இல்லாத தடத்தில் 16 கிலோமீட்டர், ஏற்கெனவே பஸ் ஓடும் தடத்தில் 4 கிலோமீட்டர் என்று வரையறுத்தார்கள். இல்லாமையை அளவுகோலாக வைத்து நாம் வகுத்த அபூர்வமான போக்குவரத்துத் திட்டம் அது. 2025-இல் அதை விரிவாக்கி 25 கிலோமீட்டர் வரை அனுமதித்ததும் சரியே. ஆனால் உரிமையாளருக்கு வருமானம் மறுபடியும் கலெக்‌ஷன் மட்டும்தான். கட்டணமில்லாப் பயணம் தனியார் மினி பஸ்ஸுக்குக் கிடையாது. பெண்கள் அரசு பஸ்ஸுக்காகக் காத்திருக்கப் பழகியதும் மினி பஸ்ஸின் வருமானம் அடிவாங்கியது. அவர்களிடமும் கிலோமீட்டர் கணக்கில் சேவையை வாங்கிக்கொண்டு, பெண்களை இலவசமாக ஏற்றச் சொல்லலாம். வண்டி யாருடையது என்பதைவிட, எட்டரைக்கு முன்னால் வந்ததா என்பதுதான் மாணவிக்கு முக்கியம்.

இதையெல்லாம் யார் செய்வது? சென்னைக்கு ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. சட்டம் 2010-இல் நிறைவேறியும் அது உயிர்பெற ஆண்டுகள் பல ஆயின. மற்ற மாவட்டங்களுக்கு அப்படியோர் அமைப்பே இல்லை. ஆனால் தனியார் பஸ்ஸுக்குப் பெர்மிட் வழங்கும் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கு மாவட்ட ஆட்சியர்தான் தலைவர். அரசமைப்புச் சட்டம் சொல்லும் மாவட்டத் திட்டக்குழுவும் பெயரளவிலாவது உண்டு. இந்த இரண்டின் கையில் ஊர்வாரிப் பட்டியலையும், வாழ்நாள் வரியிலிருந்து ஒதுக்கிய தொகையையும் கொடுத்து, கழகத்திடமோ மினி பஸ்காரரிடமோ சேவை வாங்கும் அதிகாரத்தைத் தரலாம். கிராம சபைத் தீர்மானம் மனுவாகப் போய் நிற்காமல், பட்டியலில் திருத்தமாகப் பதிவாகட்டும். கோவை, மதுரை மாவட்டங்களிலேயே தொடங்கலாம். புதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலைக்கணக்கு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. முடிவு வந்ததும் மெட்ரோவுக்கான தகுதி பற்றி மறுபடியும் டெல்லிக்கு எழுதத்தான் போகிறார்கள். அந்தக் கடிதத்தோடு, இன்ன ஊரிலிருந்து இத்தனை பேர் இந்த நேரத்தில் நகருக்குள் வர வழியில்லாமல் இருக்கிறார்கள் என்ற பட்டியலையும் இணைத்து அனுப்பினால், 20 லட்சம் உண்டா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியோடு அதை ஒதுக்கிவிடுவது அங்கிருப்பவர்களுக்குச் சற்றுச் சிரமமாக இருக்கும்.